மூன்று நாள் விருந்து. முப்பது நாள் உறவு!

தறி ஓடும் ஊரில் கோடை விருந்தாளிகள்

சித்திரை மாதம். பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சை முடிகிறது. மணி அடிக்கிறது.

அன்று இரவே சென்னையில் ஒரு வீட்டில் பைகள் கட்டப்படுகின்றன. குழந்தைகளின் துணி ஒரு பையில். அம்மாவின் சேலை இன்னொரு பையில். ஒரு டப்பாவில் முறுக்கு. ஒரு பொட்டலத்தில் மிக்சர்.

"எங்கே போகிறோம்?" என்று குழந்தைகள் கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரியும்.

மாமா வீட்டுக்கு!

மாமா வீடு ஆர்.கே.பேட்டையில் இருக்கிறது. அங்கே தெருவில் நடந்தாலே "டக்-டக், டக்-டக்" என்று சத்தம் கேட்கும். அது தறியின் சத்தம்.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது பழமொழி. ஆனால், மாமா வீட்டுக்குப் போகிறவர்கள் மூன்று நாளில் திரும்புவதில்லை. பத்து நாள், இருபது நாள், சில சமயம் ஒரு மாதம் கூடத் தங்குகிறார்கள்.

பணக்கார வீடு என்றால் பரவாயில்லை. தறி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில் இது எப்படி முடிகிறது?

அதில்தான் இருக்கிறது சூட்சுமம்!

வெயிலுக்குப் பேர் போன வட்டாரம்

ஆர்.கே.பேட்டையின் முழுப்பெயர் ராமகிருஷ்ணராஜுபேட்டை. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. கிழக்கே திருத்தணி. தெற்கே சோளிங்கர். வடக்கே பள்ளிப்பட்டு. அதைத் தாண்டினால் ஆந்திர மாநிலம்.

ஊரைச் சுற்றிலும் மலைகளும் குன்றுகளும் தெரியும். பகலெல்லாம் சூடேறிய பாறைகள் இரவிலும் அனலை விடும்.

தமிழ்நாட்டில் வெயில் அதிகம் அடிக்கும் இடங்களில் திருத்தணியும் ஒன்று. மே மாதத்தில் அங்கே வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சர்வ சாதாரணம். பழைய கணக்கில் சொன்னால் 104 டிகிரி!

மே 4-ந் தேதி வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கும். கத்திரி வெயில் என்பதும் அதுதான். மே மாதம் 28-ந் தேதி வாக்கில் முடியும்.

வெயிலுக்குப் பயந்து மற்றவர்கள் ஊட்டிக்குப் போகிறார்கள். கொடைக்கானலுக்குப் போகிறார்கள். ஆனால் இந்தக் குழந்தைகளோ வெயில் கொளுத்தும் ஊருக்கே ஆசையோடு வருகிறார்கள்!

காரணம் உண்டு. மாமா வீட்டில் நுங்கு உண்டு. மாம்பழம் உண்டு. பக்கத்துச் சித்தூர் மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர் போனது. பங்கனப்பள்ளி, கிளிமூக்கு எல்லாம் கூடை கூடையாக வரும். காலையில் கேழ்வரகுக் கூழ், மோர், சின்ன வெங்காயம். ராத்திரி மொட்டை மாடியில் வரிசையாகப் பாய்.

இதெல்லாம் ஊட்டியில் கிடைக்குமா?

கோடு போட்டார்கள், உறவு அறவில்லை

இந்த வட்டாரத்தில் விருந்தாளிகள் சென்னையில் இருந்து மட்டும் வருவதில்லை. நகரியில் இருந்து வருகிறார்கள். புத்தூரில் இருந்து வருகிறார்கள். சித்தூரில் இருந்தும் வருகிறார்கள். இந்த மூன்று ஊர்களும் ஆந்திர மாநிலத்தில் உள்ளன.

இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

பழைய சென்னை மாகாணத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. திருத்தணி வட்டாரம் அதில் சேர்ந்தது.

1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அதனுடன் போனது. திருத்தணியும் சேர்ந்து போய்விட்டது.

தமிழர்கள் கிளர்ச்சி செய்தார்கள். ம.பொ.சிவஞானம் முன்னின்று போராடினார். இரு மாநிலங்களும் பேசின. எல்லையைத் திருத்த 1959-ல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி இந்த வட்டாரம் தமிழகத்துடன் சேர்ந்தது.

எல்லை மாறியது. ஆனால் கொண்டான் கொடுத்தான் உறவு மாறவில்லை.

அக்கா அந்தப் பக்கம். தம்பி இந்தப் பக்கம். அப்படிப்பட்ட குடும்பங்கள் இங்கே எத்தனையோ உண்டு. வீட்டில் தமிழும் பேசுவார்கள், தெலுங்கும் பேசுவார்கள். வாசலில் வந்து நிற்பவரை ஒருவர் "வாங்க, வாங்க" என்பார். இன்னொருவர் "ரண்டி, ரண்டி" என்பார்.

ஒரு வேடிக்கை பாருங்கள். அக்கா என்ற சொல் தமிழிலும் உண்டு, தெலுங்கிலும் உண்டு. மாமா என்ற சொல்லும் அப்படியே. தாத்தா என்ற சொல்லும் அப்படியே. உறவு சொல்லிக் கூப்பிட இங்கே மொழி பெயர்க்க வேண்டியதே இல்லை!

எல்லையில் சோதனைச் சாவடி உண்டு. உறவுக்கு எந்தச் சாவடியும் இல்லை. கோடை விடுமுறைதான் அந்த உறவைக் காப்பாற்றுகிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது குழந்தைகள் ஒன்றாகப் படுத்து உறங்கினால்தான், அவர்கள் பெரியவர்களான பிறகும் "இவன் என் அத்தை மகன், இவள் என் மாமன் மகள்" என்ற எண்ணம் நிலைக்கும்.

தறி நின்றால் கூலி நின்றது

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை ஆகிய ஊர்கள் நெசவுக்குப் பேர் போனவை. ஒரு காலத்தில் எங்கும் கைத்தறிதான். இப்போது விசைத்தறிகள் பெருகிவிட்டன.

பல வீடுகளில் தறிக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. வீட்டிலேயே தறி. ஒரு பக்கம் தறி. மறு பக்கம் சமையல். நடுவில் இருக்கும் இடத்தில்தான் படுக்கை.

கைத்தறியில் குழித்தறி என்று ஒரு வகை உண்டு. தரையில் ஒரு குழி. நெசவாளி அதில் காலை விட்டு உட்காருவார். காலால் மிதித்து, கையால் நாடாவை ஓட்டுவார். குழியின் ஈர மண் நூலுக்குக் குளிர்ச்சி தரும். பருத்தி நூலுக்கு ஈரம் வேண்டும். காற்று காய்ந்து போனால் நூல் முறுக்கென்று ஆகி அறுந்து விடும்.

இங்கேதான் நெசவாளிக்குக் கோடையின் தொல்லை ஆரம்பமாகிறது.

அனல் காற்று வீசும்போது இழை அடிக்கடி அறுகிறது. அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட வேண்டும். அதுவரை தறி நிற்கும். எனவே, கோடையில் அதிகாலையிலும் இரவிலும்தான் வேலை நன்றாக ஓடும். தரையில் தண்ணீர் தெளித்து ஈரம் உண்டாக்குவதும் உண்டு.

நெசவாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. நெய்த துணிக்குத்தான் கூலி. இத்தனை சேலைக்கு இவ்வளவு. இத்தனை லுங்கிக்கு இவ்வளவு. தறி ஒரு நாள் நின்றால், ஒரு நாள் கூலி போயிற்று.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் கோடையில் விருந்தாளிகள் வருகிறார்கள்!

பட்டணத்துக் குழந்தை முதல் நாள் இரவு தூங்குவதில்லை. "மாமா, அந்தச் சத்தத்தை நிறுத்துங்களேன்!" என்று சிணுங்கும்.

மாமா சிரிப்பார். "சத்தம் நின்னா சோறு நின்னுடும்டா கண்ணு!" என்பார்.

நாலாவது நாள் பாருங்கள். தறிச் சத்தம்தான் குழந்தைக்குத் தாலாட்டு. கரண்டு போய்த் தறி நின்றால், குழந்தை விழித்துக் கொள்ளும்!

பிரான்சு நாட்டில் எப்படி?

கோடையில் சொந்த ஊருக்குப் போவது தமிழர்களின் வழக்கம் மட்டும் அல்ல. பல ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள பிரான்சு நாட்டிலும் அப்படித்தான்.

அங்கே ஜூலையும் ஆகஸ்டும் கோடை. பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு மாத விடுமுறை. பாரிஸ் நகரத்துக் குழந்தைகள் பலர் கிராமத்தில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போகிறார்கள். அங்கேயும் பாட்டிமார் பழம் பறித்து ஜாம் காய்ச்சி வைக்கிறார்கள். கூடுதல் படுக்கைகளைத் தட்டிப் போடுகிறார்கள். கடைசி நாளில் பேரக் குழந்தைகளின் பையில் ஜாம் பாட்டில்களை அடைத்து அனுப்புகிறார்கள்.

இந்த வழக்கம் தொழிலாளர் வீடுகளுக்குப் பரவியதில் ஒரு சட்டத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

1936-ம் ஆண்டு. லியோன் புளூம் என்பவர் பிரான்சின் பிரதமர் ஆனார். அந்த ஆண்டு தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு ஒரு சட்டம் வந்தது. "ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு 2 வாரம் விடுமுறை. அந்த 2 வாரத்துக்கும் சம்பளம் உண்டு" என்றது சட்டம்.

விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தில் சலுகையும் கிடைத்தது. அந்தக் கோடையில், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பல தொழிலாளர்கள் ரயில் ஏறினார்கள். சிலர் கடலைப் பார்க்கப் போனார்கள். பலர் சொந்த கிராமத்துக்கு, உறவினர் வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு அந்த 2 வாரம் 3 வாரம் ஆனது. 4 வாரம் ஆனது. 1982-ல் 5 வாரம் ஆனது.

அங்கே விருந்தாளி வந்தால் சம்பளம் நிற்காது. இங்கே நெசவாளி வீட்டுக்கு விருந்தாளி வந்தால், தறியை நிறுத்தியா உபசரிப்பது?

நிறுத்த முடியாது. அதனால் இங்குள்ளவர்கள் வேறு ஒரு வழியைக் கண்டு பிடித்தார்கள்.

விருந்து வேறு, உறவு வேறு

அந்த வழியைத் தெரிந்து கொள்ள, ஒரு சொல்லின் பொருளைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

விருந்து என்ற சொல்லுக்கு இன்று சாப்பாடு என்று பொருள் கொள்கிறோம். பழந்தமிழில் அதற்குப் புதுமை என்று பொருள். புதிதாக வந்தவர்தான் விருந்து. முன்பின் தெரியாதவராகக் கூட இருக்கலாம். திருக்குறளில் உள்ள 133 அதிகாரங்களில் 9-வது அதிகாரம் விருந்தோம்பல்.

புதியவரை உட்கார வைத்துத்தான் சோறு போட வேண்டும். அவரை வேலை வாங்கக் கூடாது. அதனால்தான் மூன்று நாள் கணக்கு!

ஆனால் கூடப் பிறந்த தங்கை புதியவளா? அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அல்லவா? எந்தப் பானையில் உப்பு இருக்கிறது, எந்த ஆணியில் சாவி தொங்குகிறது என்பது அவளுக்குத் தெரியாதா?

அவள் முதல் நாள் விருந்தாளி. அன்று வடை, பாயசம் உண்டு. இரண்டாம் நாளும் விருந்தாளி. மூன்றாம் நாள் முந்தானையை இழுத்துச் செருகினால், அன்று முதல் அவள் வீட்டுக்காரி!

"அண்ணி, நீங்க போய்ச் சித்த நேரம் படுங்க. தாரை நான் சுத்தறேன்" என்று அவள் சொல்கிறாள்.

தார் என்பது நாடாவுக்குள் வைக்கும் சிறு கண்டு. சிட்டத்தில் இருந்து நூலை ராட்டையில் சுற்றித் தார் எடுக்க வேண்டும். தார் தீர்ந்தால் தறி நின்று விடும். தார் சுற்றும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. சமையலுக்கு நடுவே, பாத்திரம் கழுவுவதற்கு நடுவே, அதையும் செய்கிறார்கள்.

நெசவாளி வீட்டுப் பெண்ணுக்கு ராட்டை மறக்காது. பட்டணத்தில் பத்து ஆண்டு இருந்தாலும் கை தானாகச் சுற்றும்.

கைத்தறி வீடாக இருந்தால் பாவு வேலையும் உண்டு. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். பொழுது விடிவதற்கு முன்பே தொடங்கி விடுவார்கள். வெயில் ஏறினால் கஞ்சி மடமடவென்று காய்ந்து, நூல் முறியும். அந்த வேலைக்கு ஒரு கை போதாது. பல கை வேண்டும். தங்கையின் புருஷனும் அப்போது பேன்ட்டைக் கழற்றி வைத்து விட்டு லுங்கியைக் கட்டுகிறார்!

"மாப்பிள்ளை, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று மாமனார் உபசாரத்துக்குச் சொல்வார். ஆனால் மனதுக்குள் அவருக்கு மகிழ்ச்சிதான்.

குழந்தைகளுக்கும் வேலை உண்டு. மாடியில் வடாம் காய்கிறது. காக்காய் ஓட்ட வேண்டாமா? காவல் காக்கும் படை, பாதி வடாமைப் பச்சையாகவே தின்று விடும் என்பது வேறு விஷயம்!

இப்படிப் பலரும் கை கொடுத்தால் தறி நிற்பதில்லை. தறி நிற்காததால் விருந்தும் நிற்பதில்லை. மூன்று நாள் விருந்து முப்பது நாள் உறவாவது இப்படித்தான்.

அரிசிக் கணக்கு

கை கொடுத்தால் மட்டும் போதுமா? செலவு என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு வீட்டில் 4 பேர். வந்தவர்கள் 5 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி என்று வைத்துக் கொண்டால், வந்தவர்களுக்கு மட்டும் தினம் 2 கிலோ. 20 நாளைக்கு 40 கிலோ!

தமிழ்நாட்டில் 2011 ஜூன் மாதத்தில் இருந்து ரேஷன் கடையில் அரிசி இலவசமாகத் தரப்படுகிறது. ஆனால் அது கார்டில் பெயர் உள்ளவர்களின் கணக்குக்குத்தான். விருந்தாளியின் பெயர் கார்டில் இல்லையே!

காஸ் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. 4 பேருக்கு 45 நாள் வருகிற சிலிண்டர், 9 பேருக்குச் சமைத்தால் 20 நாளில் காலி. பால், எண்ணெய், காய்கறி எல்லாம் இதே கணக்குத்தான்.

வீட்டுக்காரர் இதை வாய் விட்டுச் சொல்ல மாட்டார். சொன்னால் உறவு முறிந்து விடும் என்று பயம். அதனால் முதலாளியிடம் முன்பணம் வாங்குவார். அல்லது வீட்டில் இருக்கும் குண்டுமணித் தங்கம் அடகுக் கடைக்குப் போகும். விருந்தாளி ஊருக்குப் போன பிறகு வட்டி ஓடும்.

விவரம் தெரிந்த விருந்தாளி இதை நடக்க விட மாட்டார்.

வரும்போதே ஒரு மூட்டை அரிசிக்கு ஏற்பாடு செய்து விடுவார். "அண்ணா, இந்தா பணம்" என்று நீட்டினால் அண்ணன் வாங்க மாட்டார். மானம் போய்விட்டதாக நினைப்பார். எனவே, பணத்தை நீட்டுவதில்லை. குழந்தைகளைக் கூட்டிக் கொண்டு கடைக்குப் போவார். திரும்பி வரும்போது கையில் எண்ணெய், பருப்பு, சர்க்கரை எல்லாம் வந்து விடும். சிலிண்டர்காரர் வந்தால், முந்திக் கொண்டு போய்க் காசு கொடுத்து விடுவார்.

புறப்படும் நாளில் அண்ணன் பிள்ளைகளின் கையில் ஆளுக்கு ஒரு நோட்டை வைத்து, "பேனா வாங்கிக்கோ" என்பார். அந்தப் பணம் பேனாவுக்கு மட்டும் அல்ல என்பது இரு பக்கமும் தெரியும். இரு பக்கமும் தெரிந்ததாகக் காட்டிக் கொள்வதில்லை.

இதுதான் உறவின் நாகரிகம்!

ஊர் சுற்றப் போகலாம்

குழந்தைகளை ஒரு நாளாவது வெளியே கூட்டிப் போக வேண்டும் அல்லவா?

இந்த ஊருக்கு இரு பக்கமும் இரண்டு மலைக் கோவில்கள். கிழக்கே திருத்தணி முருகன் கோவில். முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்று. மலைக்கு 365 படிகள். ஆண்டுக்கு 365 நாள்; அதே கணக்கு!

தெற்கே சோளிங்கர் யோக நரசிம்மர் கோவில். அங்கே 1,305 படிகள் என்பார்கள். பாட்டிமார் அடிவாரத்தில் நின்று கும்பிட்டு விட்டுத் திரும்பிய காலம் உண்டு. 2024-ல் ரோப் கார் வந்தது. இப்போது பாட்டியும் ஜாம் ஜாம் என்று மேலே போகிறார்!

சித்திரை, வைகாசியில் வட மாவட்டக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோவில் விழா நடக்கும். அக்கினி வசந்த விழா என்பார்கள். பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் தெருக்கூத்து. கடைசியில் தீமிதி. செல்போனில் மூழ்கிக் கிடந்த பிள்ளைகள், கூத்தில் துரியோதனன் வேஷம் வந்து குதித்ததும் போனை மறந்து வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

அத்தனைக்கும் அதிகச் செலவு கிடையாது.

கவனம்! கவனம்!

சந்தோஷத்துக்கு நடுவே ஆபத்தும் இருக்கிறது. கோடை விடுமுறையில் உறவினர் வீட்டுக்கு வந்த பிள்ளைகள் நீரில் மூழ்கி இறந்த செய்தி ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வருகிறது. படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது.

உள்ளூர்ப் பிள்ளைக்குக் கிணற்றின் ஆழம் தெரியும். எந்தப் படி வழுக்கும் என்பதும் தெரியும். பட்டணத்துப் பிள்ளைக்குத் தெரியாது. உள்ளூர்ப் பிள்ளை குதிப்பதைப் பார்த்து அவனும் குதித்து விடுகிறான். கல் குவாரிப் பள்ளம் இன்னும் மோசம். மேலே அமைதியாக இருக்கும். உள்ளே ஆழம் தெரியாது.

நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் குழந்தைகளைத் தண்ணீர்ப் பக்கம் அனுப்பவே கூடாது. மூழ்குகிறவனைக் காப்பாற்ற நீச்சல் தெரியாதவர் குதிக்கவும் கூடாது. கயிறு, புடவை, நீளக் கொம்பு எதையாவது நீட்டி இழுக்க வேண்டும்.

விசைத்தறியும் விளையாட்டுப் பொருள் அல்ல. ஓடும் பெல்ட்டில் பாவாடை நுனியோ, பின்னலோ சிக்கினால் விபரீதம். நாடா சில சமயம் தறியை விட்டுத் தெறித்துப் பாயும். தறி ஓடும் இடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு இடம் இல்லை என்று முதல் நாளே சொல்லி விட வேண்டும்.

அடுத்தது வெயில். பகல் 11 மணி முதல் 3 மணி வரை பிள்ளைகளை வெளியே விடாமல் இருப்பது நல்லது. வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம். காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர். சர்க்கரை தலைதட்டி 6 டீஸ்பூன். உப்பு அரை டீஸ்பூன். இந்த அளவு மாறக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைக்க வேண்டும்.

வெயிலில் திரிந்தவருக்கு உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெப்பத் தாக்கு. தாமதம் கூடாது. நிழலுக்குக் கொண்டு வந்து, உடம்பை நனைத்து, விசிற வேண்டும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அண்ணிக்கு எப்போது விடுமுறை?

எல்லோருக்கும் விடுமுறை. குழந்தைகளுக்கு விடுமுறை. தங்கைக்கு விடுமுறை. அவள் புருஷனுக்கும் சில நாள் விடுமுறை.

அண்ணிக்கு?

விடியற்காலையில் அவள்தான் முதலில் எழுகிறாள். 9 பேருக்குக் காப்பி. 9 பேருக்குப் பலகாரம். 9 பேரின் துணி. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடம் குடமாகப் பிடித்து வைக்க வேண்டும். நடுவே தார். இரவு எல்லோரும் மாடிக்குப் போன பிறகு, கடைசியாக அடுப்படி விளக்கை அணைப்பவளும் அவள்தான்.

அவளும் ஒரு வீட்டில் பிறந்த பெண்தான். அவளுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். அந்தத் தாயும் புத்தூரிலோ நகரியிலோ வாசலைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருப்பாள். "என் பொண்ணு எப்ப வருவா?" என்று கேட்டுக் கொண்டிருப்பாள்.

நாத்தனார் வரும் மாதம் முழுவதும் அண்ணி நகர முடியாது. நாத்தனார் போனதும் பள்ளிக்கூடம் திறந்து விடும். பிறகு எங்கே போவது? இப்படியே ஆண்டுகள் ஓடிவிடும். ஒரு நாள் செய்தி வரும். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஓடுவாள். இது எத்தனையோ வீடுகளில் நடந்த கதை.

நல்ல நாத்தனார் இருக்கும் வீட்டில் இது நடக்காது.

பத்து நாள் ஆனதும் அவள் அண்ணியிடம் வருகிறாள்.

"அண்ணி, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நீங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாங்க. ஒரு வாரம் இருந்துட்டு வாங்க. நான் இருக்கேன். அண்ணனுக்குச் சோறும் ஆக்கறேன். தாரும் சுத்தறேன்."

அண்ணிக்கு நம்பிக்கை வரவில்லை. "நீ விருந்துக்கு வந்தவம்மா. உன்னை வேலை செய்ய விட்டுட்டு நான் போறதா? ஊரு என்ன சொல்லும்?"

"நான் விருந்துக்கு வரலை, அண்ணி. என் வீட்டுக்கு வந்திருக்கேன்."

அண்ணியின் கண் கலங்குகிறது. முந்தானையால் துடைத்துக் கொள்கிறாள்.

மறுநாள் காலை அவள் பஸ் ஏறுகிறாள். கையில் ஒரு பை. அதில் தாய்க்கு ஒரு புடவை. ஒரு டப்பா வடாம். ஜன்னல் ஓரத்தில் பிள்ளைகள். வடக்கே பள்ளிப்பட்டு போகும் சாலையில் பஸ் ஓடுகிறது. இருபுறமும் மாந்தோப்பு.

சென்னையில் ஒரு வீட்டில் பை கட்டியபோது தொடங்கிய கோடை விடுமுறை, அண்ணியின் கையில் பை ஏறியபோதுதான் முழுமை ஆகிறது.

இந்தக் கோடையில் மாமா வீட்டுக்குப் புறப்படுகிறவர்கள் முறுக்கு டப்பாவை மறந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு கேள்வியை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.

"அண்ணி, நீங்க எப்ப உங்க அம்மா வீட்டுக்குப் போறீங்க?"